தனியாக மலையில் தங்க எடை குறைந்த பிவ்வி: எதை வாங்கலாம்?

ஈரக்காலணி

வணக்கம் நண்பர்களே. செப்டம்பர் மூன்றாம் வாரம் லண்டன் யூஸ்டனிலிருந்து இரவு ரயிலில் ஸ்காட்லாந்தின் ஏவிமோர் போய், கேர்ன்கோர்ம் மலைகளின் லாரிக் க்ரூ கணவாய் வழியாக லின் ஆஃப் டீ வரை தனியாக நடக்கலாம் என்றிருக்கிறேன். ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ஒரே நாளில் கடந்துவிடுபவர்கள் உண்டு என்று தெரியும். எனக்கு அவசரமில்லை. இரண்டு இரவு மலையிலேயே தங்கி, வானிலை ஒத்துழைத்தால் பென் மக்டூயி மலை மீதும் ஏறிப் பார்க்க ஆசை.

கையில் இருப்பது இரண்டு பேர் படுக்கும் கூடாரம். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதைச் சுமந்து ஏறுவதை நினைத்தாலே தோள் வலிக்கிறது. பிவ்வி பை, அதாவது தூக்கப்பையின் மேல் மாட்டிக்கொள்ளும் நீர்புகா உறை, வாங்கினால் அரைக் கிலோவில் வேலை முடிந்துவிடும் என்று படித்தேன். முகத்துக்கு மேல் துணியைத் தாங்கும் வளையக் கம்பி உள்ளது, இல்லாதது, ராணுவத்தில் கழித்துக் கட்டியது என்று பல வகை இருக்கின்றன. என் உயரம் ஆறடி இரண்டு அங்குலம். தூக்கப்பை வாத்துத் தூவி அடைத்தது. எதை வாங்கலாம்?

அரைக்கிலோ

சரியான முடிவு. வளையம் இல்லாத எளிய பையே போதும். அல்ப்கிட் ஹுன்கா மாதிரியானவை 400 கிராம் அளவில் கிடைக்கின்றன. அதைவிட மெல்லியவையும் உண்டு, ஆனால் விலை கண்ணைக் கட்டும். வளையக் கம்பி வைத்த பைகள், உதாரணமாக ராப் ரிட்ஜ் ரெய்டர், ஒரு கிலோவைத் தொட்டுவிடும். அந்த எடைக்குப் போகிறவர் எதற்காகப் பிவ்வி வாங்குகிறார் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ராணுவப் பையைப் பற்றிக் கேட்டீர்கள். பிரிட்டிஷ் ராணுவத்தின் கோர்டெக்ஸ் (மழையைத் தடுத்து நீராவியை வெளியே விடும் துணி) பை, பழைய சரக்குக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். 800 கிராமுக்குக் குறையாது. முரட்டுத் துணி. கல், முள், ஹீதர் புதர் எதன் மேல் போட்டுப் புரண்டாலும் கவலை இல்லை. அகலமும் தாராளம். ஆறடி இரண்டு அங்குலத்துக்கு அதுதான் வசதியாகவும் இருக்கும்.

கூடாரக் கட்சி

அரைக்கிலோ சொல்வதில் ஒரு கணக்கு விடுபட்டிருக்கிறது. பிவ்வி 400 கிராம். மழை பெய்தால் தலைக்கு மேல் ஒரு தார்ப்பாய் வேண்டும். டிடி ஹேமாக்ஸின் மூன்றுக்கு மூன்று மீட்டர் மெல்லிய தார்ப்பாயே 460 கிராம். முளைகளும் கயிறும் ஒரு 150 கிராம். மிட்ஜ் என்னும் கடிக்கும் குட்டிப் பூச்சிக்கு வலை. அடியில் விரிக்க ஒரு ஷீட். கூட்டிப் பாருங்கள், ஒரு கிலோவைத் தாண்டிவிட்டது. ஒரு கிலோ அளவில் ஒருவர் படுக்கும் முழுக் கூடாரமே வந்துவிட்டது. அதில் எழுந்து உட்காரலாம், உடை மாற்றலாம், மழையில் காலணியைக் கழற்றி உள்ளே வைக்கலாம்.

என் கட்சி எது என்று பெயரிலேயே இருக்கிறது, ஆகவே கொஞ்சம் தள்ளுபடி செய்து படியுங்கள். ஆனால் கணக்கு கணக்குதான்.

அரைக்கிலோ

எல்லாவற்றையும் ஏன் கூட்டுகிறீர்கள்? வானிலை பார்த்துப் போகிறவருக்குத் தார்ப்பாய் எதற்கு?

பழைய தார்ப்பாய்

வானிலை பார்த்துக் கேர்ன்கோர்ம் மலைக்குப் போகிறவரே, நான் இன்வர்னெஸில் இருக்கிறேன். இங்கே வானிலை நம்மைப் பார்த்துவிட்டுத்தான் மாறும்.

தம்பி ஈரக்காலணி, கிராம் கணக்கைச் சற்று ஓரமாக வையுங்கள். முதலில் கேட்கவேண்டிய கேள்வி, எங்கே படுக்கப்போகிறீர்கள் என்பது. லாரிக் க்ரூ ஒரு பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் மலைச்சுவர். கணவாயின் உச்சி 835 மீட்டர். காற்று அடித்தால் அந்தக் குழாய் வழியாகத்தான் அடிக்கும், தென்கிழக்கும் வடமேற்குமாக. காற்று நின்றால் இரவில் சரிவுகளில் குளிர்ந்த காற்று கனத்து இறங்கி, கீழே ஆற்றங்கரையில் தேங்கும். அங்கேதான் பனித்துளி அதிகம் விழும், அங்கேதான் பிவ்வி உள்ளுக்குள் நனையும். தரை தட்டையாக, புல் மெத்தென்று, தண்ணீர் பக்கத்தில் என்று கண்ணுக்கு அழகாகத் தெரியும் இடமெல்லாம் பிவ்விக்கு மோசமான இடம். ஆற்றிலிருந்து இருபது முப்பது மீட்டர் உயரத்தில், சரிவின் நடுவே சிறு திட்டு ஒன்று கிடைத்தால் அங்கே படுங்கள். இலேசாகக் காற்று தொட வேண்டும். பிவ்விக்கு எதிரி காற்று அல்ல, காற்றில்லாத ஈரம்.

உச்சிக்கு அருகே, பூல்ஸ் ஆஃப் டீ என்னும் குட்டைகள் பக்கமெல்லாம் பாறைக் குவியல். அங்கே ஆள் நீளத்துக்குத் தட்டையான இடம் கிடைப்பதே அரிது. ஆனால் ஒரு பைக்குத் தேவையான இடம் கூடாரத்துக்குத் தேவையானதில் பாதிகூட இல்லை. பிவ்வியின் உண்மையான லாபம் அங்கேதான் இருக்கிறது, தராசில் இல்லை.

ஈரக்காலணி

ஐயா, நன்றி. "உள்ளுக்குள் நனையும்" என்கிறீர்களே, கோர்டெக்ஸ் மாதிரித் துணி என்றால் நீராவி வெளியே போய்விடாதா? அதற்காகத்தானே அந்த விலை?

வடக்குவாசி

இதற்கு நான் பதில் சொல்கிறேன், தொழிலும் துணி சம்பந்தப்பட்டது.

அந்தத் துணிக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு நீராவியைத் தானாகப் பிடித்து வெளியே தள்ளுவதில்லை. உள்ளே ஈரப்பதமும் வெப்பமும் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால், அந்த வேறுபாடுதான் நீராவியை நகர்த்துகிறது. வேறுபாடு எவ்வளவு பெரிதோ அவ்வளவு வேகம். உலர்ந்த, குளிர்ந்த, காற்றோட்டமுள்ள இரவில் நன்றாக வேலை செய்யும். வெளியே மூடுபனி, காற்றே இல்லை, ஈரப்பதம் நூறு சதவீதம் என்றால் நகர்வதற்குக் காரணமே இல்லாமல் போகிறது. அதற்குள் பையின் வெளித்துணி வானத்தைப் பார்த்துக் குளிர்ந்துவிடும். உங்கள் உடம்பிலிருந்து வந்த நீராவி அந்தக் குளிர்ந்த துணியின் உட்புறத்தில் பட்டுத் தண்ணீராகிவிடும், இட்லிச் சட்டியின் மூடிக்கு அடியில் நிற்பதைப் போல. உறைபனி விழும் இரவென்றால் அதுவே மெல்லிய பனிப்படலமாகி, காலையில் புரண்டதும் முகத்தில் உதிரும்.

தோலிலிருந்தும் மூச்சிலிருந்தும் ஒரு இரவில் வெளியேறும் தண்ணீர் ஒரு டம்ளருக்குக் குறையாது. மூச்சைப் பைக்குள் விடாமல் இருப்பதே பாதி வெற்றி. குளிருக்குப் பயந்து தலையை உள்ளே இழுத்துக் கயிற்றை இறுக்கினால், காலையில் நெஞ்சுப் பக்கமும் கால்மாட்டிலும் தூக்கப்பை ஈரமாக இருக்கும். மூக்கும் வாயும் வெளியே இருக்கட்டும், தலைக்குக் கம்பளித் தொப்பி போடுங்கள். பையை முழுவதும் அடைத்துக்கொண்டு தூங்குவது மூச்சுக்கும் ஆபத்து.

உங்களுக்கு இதில் கூடுதல் சிக்கல், தூவி. வாத்துத் தூவி நனைந்தால் உப்பல் போய்க் கட்டிகட்டியாகிவிடும். உப்பல் போனால் வெப்பமும் போயிற்று. முதல் இரவு சமாளித்துவிடலாம். இரண்டாம் இரவு அதே பைக்குள் திரும்பப் படுக்கும்போதுதான் உறைக்கும். நண்பகலில் வெயில் ஒரு மணி நேரம் வந்தால் போதும், உடனே பையை உள்வெளியாகத் திருப்பிப் பாறை மேல் விரித்துவிடுங்கள். செயற்கை இழை அடைத்த தூக்கப்பை என்றால் கொஞ்சம் எடை கூடும், ஆனால் ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும்.

அரைக்கிலோ

வடக்குவாசி அக்கா சொன்ன அறிவியலில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒன்று: விலை குறைந்த கூடாரத்திலும் உட்சுவர் வியர்க்கத்தான் செய்கிறது. பிவ்வியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவேண்டாம்.

வடக்குவாசி

உண்மை. கூடாரத்தில் அந்தத் தண்ணீர் உங்களிடமிருந்து தள்ளி நிற்கிறது, பிவ்வியில் தூக்கப்பையோடு ஒட்டி நிற்கிறது. அதனால்தான் வளையக் கம்பியைச் சிலர் விரும்புகிறார்கள்: முகத்துக்கு மேல் துணி விழாது, வலையும் முகத்தை ஒட்டாது.

டார்ட்மூர்ப் பக்கத்தான்

மிட்ஜ் பூச்சியைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே. நான் இருக்கும் டெவனில் அந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. இங்கே பிவ்விக்காரர்களின் தொல்லை நத்தைதான், ஓடில்லாத நத்தை. விடியற்காலையில் கன்னத்தில் ஏதோ குளிர்ச்சியாக ஊர்ந்தால் அதுதான்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் பிரிட்டன் முழுவதும் ஒரே விதி என்று நினைக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்படி பொறுப்போடு தங்கும் உரிமை உண்டு. இங்கிலாந்தில் பொதுவாக நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். லேக் டிஸ்ட்ரிக்டில் மலைச்சரிவில் மிக உயரத்தில் கட்டிய கல்வேலிக்கு மேலே, மாலையில் வந்து காலையில் கிளம்பிவிடுபவர்களைக் கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள், ஆனால் அது உரிமை ஆகாது. டெவனில் உள்ள டார்ட்மூர் மட்டும் விலக்கு. 1985ஆம் ஆண்டு டார்ட்மூர் பொதுநிலச் சட்டத்தில் வரும் "வெளிப்புறப் பொழுதுபோக்கு" என்பதில் இரவு தங்குவது அடங்குமா என்று வழக்கு நடந்தது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அடங்காது என்றது, அதே ஆண்டு ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அடங்கும் என்று உறுதிசெய்துவிட்டது. மூன்று நீதிமன்றம் ஏறியது, வானத்தைப் பார்த்துப் படுப்பதற்காக.

வடக்குவாசி

ஸ்காட்லாந்திலும் ஒரு விலக்கு இருக்கிறது. லாக் லோமண்ட், ட்ரொசாக்ஸ் தேசியப் பூங்காவின் சில கரையோரப் பகுதிகளில் மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை அனுமதிச் சீட்டு வேண்டும். கூடாரம் மட்டுமல்ல, இரவில் அமைக்கும் வேறு தங்குமிடங்களும் அந்த விதியில் வரும். என்னுடையது வெறும் பைதானே என்று காவலரிடம் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். ஈரக்காலணி போகும் பாதையில் இந்தப் பிரச்சினை இல்லை.

மிட்ஜ்: ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்றால் பிவ்வியே வேண்டாம் என்பேன். விடியலிலும் அந்தியிலும் காற்றில்லாதபோது மேகம்போல் வரும். மணிக்கு ஏழு மைல் வேகத்தில் காற்று அடித்தால் பறக்க முடியாது, அதனால் மறுபடியும் பழைய தார்ப்பாய் ஐயா சொன்ன திட்டுக்கே வந்து நிற்கிறோம். சாதாரணக் கொசுவலையின் கண் அதற்குப் பெரிது, நுழைந்துவிடும். மிட்ஜுக்கென்றே நெய்த நெருக்கமான வலை வாங்குங்கள். செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், ஆனால் தலைவலை சில பத்துக் கிராம்தான், எடுத்துப் போங்கள். உண்ணியைத்தான் மறந்துவிடாதீர்கள். ஹீதரில் படுத்து எழுந்தால் முழங்காலின் பின்புறம், அக்குள், இடுப்புப் பட்டை எல்லாம் பாருங்கள்.

ஈரக்காலணி

படிக்கப் படிக்கக் கூடாரக் கட்சியில் சேர்ந்துவிடலாம் போலிருக்கிறது. தார்ப்பாய் இல்லாமல் பிவ்வியில் மழை வந்தால் உண்மையில் என்ன ஆகும்?

பழைய தார்ப்பாய்

தூங்கும்போது மழை வந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. வாய்ப்பக்கத்தைக் காற்று வரும் பக்கத்திலிருந்து விலக்கித் திருப்பி, துணியைக் கன்னத்துக்கு அடியில் மடக்கி, ஒருக்களித்துப் படுத்துவிடலாம். தொல்லை, உள்ளே நுழையும்போதும் வெளியே வரும்போதும்.

நினைத்துப் பாருங்கள். இருட்டிவிட்டது, மழை பெய்கிறது. மேல்சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. அதைக் கழற்றினால் உள்ளே இருப்பது நனையும், கழற்றாமல் நுழைந்தால் தூக்கப்பை நனையும். பையின் வாயைத் திறந்து உட்கார்ந்து, காலணிக் கயிற்றை விறைத்த விரலால் அவிழ்க்கும் அந்த மூன்று நான்கு நிமிடத்தில் வாய் வழியாக எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதுதான் அந்த இரவு எப்படி என்பதைத் தீர்மானிக்கிறது. அடுப்பு பற்றவைக்க இடம் இல்லை. பைக்குள் அடுப்பைக் கொண்டுபோவதை நினைத்தும் பார்க்காதீர்கள், தீயும் கார்பன் மோனாக்சைடும் ஒருசேரக் காத்திருக்கும்.

ஆகவே நான் சொல்வது: பெரிய தார்ப்பாய் வேண்டாம், சிறிய தார்ப்பாய் அவசியம். ஒன்றரைக்கு இரண்டரை மீட்டர் போதும். தலைப்பக்கத்தை ஒரு நடைக்கோலின் மேல் இடுப்பளவு உயர்த்தி, பின்பக்கத்தைத் தரையோடு முளையடித்துவிட்டால், இடுப்புவரை நனையாமல் உட்கார்ந்து கஞ்சி காய்ச்சலாம், சட்டை கழற்றலாம். கால்மாடு வெளியே கிடக்கும். அதற்குத்தானே பிவ்வி இருக்கிறது. தார்ப்பாய் இருந்தால் பையின் வாயை அகலத் திறந்தே தூங்கலாம், வடக்குவாசி சொன்ன வியர்ப்பும் குறையும். பனித்துளியும் துணிமேல் நேராக விழாது.

கூடாரக் கட்சியின் கணக்கில் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஒரு கிலோ எப்போதும் ஒரு கிலோவாகவே இருக்கும். இதில் நல்ல வானிலைக்குத் தார்ப்பாயை வீட்டில் வைத்துவிடலாம், பாத்தியில் (மலையில் நடப்பவர்கள் தங்குவதற்குத் திறந்திருக்கும் எளிய வீடு) இடம் கிடைத்தால் எதையும் பிரிக்காமலே படுத்துவிடலாம்.

கூடாரக் கட்சி

ஐயா, வீட்டில் வைத்துவிடலாம் என்று நீங்களே சொல்லலாமா? வானிலை நம்மைப் பார்த்துவிட்டு மாறும் என்று மேலே எழுதியது யார்?

பழைய தார்ப்பாய்

ஜூன் மாதத்தில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குன்றில் ஒரு இரவு என்றால் வைத்துவிட்டுப் போகலாம். இவர் போகும் இடத்துக்கு இல்லை. திருத்தத்தை ஏற்கிறேன்.

கூடாரக் கட்சி

இன்னொன்று. செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் இரவும் பகலும் சமம். ஏழரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். விடியும்வரை பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைய ஒரு பைக்குள் கிடக்கவேண்டும். புத்தகம் படிக்கக் கையை வெளியே நீட்டினால் குளிர், உள்ளே இழுத்தால் இருட்டு. கோடையில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும்போது பிவ்வி இனிது. இலையுதிர் காலத்தில் அதே பை சிறை. தனியாகப் போகிறவருக்கு இது எடையைவிடப் பெரிய விஷயம். யாரும் இதை விளம்பரத்தில் போடுவதில்லை.

அரைக்கிலோ

அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெளியே தலை நீட்டிப் படுத்து, செம்மான்கள் இணை தேடிக் கத்துவதைக் கேட்டுக்கொண்டு கிடப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. செப்டம்பர் கடைசியில் அந்தப் பள்ளத்தாக்குகளில் இரவு முழுவதும் எதிரொலிக்கும். முதல் தடவை கேட்பவருக்கு வயிற்றைக் கலக்கும், அது வேறு.

டார்ட்மூர்ப் பக்கத்தான்

பாத்தி என்றதும் நினைவுக்கு வந்தது. இந்தப் பாதையிலேயே கொரூர் பாத்தி இருக்கிறதே? அங்கே தங்கினால் எதுவுமே வேண்டாமே.

வடக்குவாசி

இருக்கிறது, டெவில்ஸ் பாயிண்ட் மலையின் அடிவாரத்தில், டீ ஆற்றைப் பாலத்தில் கடந்தால் வந்துவிடும். 1877இல் மான் காவலருக்காகக் கட்டிய ஒற்றை அறைக் கல்வீடு. 1965இல் தொடங்கிய மௌண்டன் பாத்திஸ் அசோசியேஷன் பராமரிக்கிறது. முன்பதிவு கிடையாது, கட்டணம் கிடையாது. சிறிய அறை. வார இறுதியில் போனால் கதவைத் திறந்ததும் பத்துக் கண்கள் உங்களைப் பார்க்கும். பாத்தியை நம்பித் தங்குமிடம் எதுவும் எடுக்காமல் போகக்கூடாது என்பது இங்கே எல்லோரும் சொல்வது. உங்களிடம் பிவ்வி இருந்தால் சுவரோரம் வெளியே படுத்து, மழைக்கு மட்டும் உள்ளே ஒதுங்கலாம்.

தனியாகப் போவதால் இதையும் சொல்கிறேன், தம்பி. எந்த வழியில் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். 999க்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதிக்கு முன்கூட்டியே கைப்பேசியைப் பதிவு செய்துவிடுங்கள், குரல் போகாத இடத்தில் குறுஞ்செய்தி போகலாம். பச்சை, பழுப்பு நிறப் பை அழகுதான். தேடி வருபவர் கண்ணுக்குப் படாது என்பதும் அதன் குணம். முதுகுப்பைக்குள் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஏதாவது ஒன்று இருக்கட்டும்.

ஈரக்காலணி

எல்லோருக்கும் நன்றி. ராணுவப் பையும், ஒன்றரைக்கு இரண்டரை தார்ப்பாயும் வாங்குவதாக முடிவு செய்திருக்கிறேன். மொத்தம் ஒன்றேகால் கிலோ அளவில் வரும், அரைக்கிலோ என்னை மன்னிக்க வேண்டும். கடைசியாக இரண்டு சந்தேகம்: மெத்தையைப் பைக்கு உள்ளே போடுவதா, வெளியே போடுவதா? நான் வைத்திருப்பது காற்றடைக்கும் மெத்தை. கயிறு எவ்வளவு எடுப்பது?

அரைக்கிலோ

மன்னித்தேன். ஆறடி இரண்டுக்கு அந்தப் பைதான் பொருத்தம் என்று முதலிலேயே நான்தான் சொன்னேன் என்பது பதிவில் இருக்கட்டும்.

மெத்தை உள்ளே. வெளியே போட்டால் நீங்கள் புரளும்போது அது ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். முள்ளிலும் கல்லிலும் ஓட்டை விழும் பயமும் இருக்கிறது. ஆனால் வாங்குவதற்கு முன் வீட்டுக் கூடத்தில் மெத்தையை ஊதி, தூக்கப்பையோடு உள்ளே நுழைந்து பாருங்கள். பை இறுக்கமாக இருந்தால் தூவி நசுங்கும், நசுங்கிய இடத்தில் குளிரும். தோளும் பாதமும் துணியை முட்டக்கூடாது. தரையிலிருந்து ஏறும் குளிரைப் பிவ்வி துளியும் தடுக்காது, அது மெத்தையின் வேலை. அதனால் மெத்தையில் கிராம் பிடிக்காதீர்கள். நான் சொல்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய தார்ப்பாய்

கயிறு இரண்டு மில்லிமீட்டர் தடிமன் போதும், பத்து மீட்டர் எடுங்கள். கணவாயின் மேல்பகுதியில் முளை இறங்காது, தரைக்கு அடியில் எல்லாம் கல். முளைக்குப் பதிலாகக் கயிற்றின் நுனியில் பெரிய கண்ணி போட்டு, கண்ணிக்குள் ஒரு குச்சியையோ முளையையோ குறுக்கே வைத்து, அதன் மேல் கனமான கல்லைத் தூக்கி வையுங்கள். கயிற்றை நேராகக் கல்லில் சுற்றினால் காற்றில் உரசி அறுந்துவிடும். கிளம்பும்போது கற்களை எடுத்த இடத்திலேயே போட்டுவிடுங்கள்.